மீன்தொட்டிக்குச் சொட்டுநீர்

ஒரு விடுகதை. கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஆனாலும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். குடியிருப்பவர்கள் கண்ணை மூடுவதே இல்லை, குளிக்கிற தண்ணீரையேதான் குடிக்கிறார்கள். அது என்ன வீடு, அவர்கள் யார்? யோசித்துப் பாருங்கள், அவசரமில்லை. அவசரமெல்லாம் திருமூர்த்திக்குத்தான். குளியலறையில் தலை நிறையச் சோப்பு நுரையோடு அவன் நிற்கும்போது, கதவுக்கு வெளியே இருந்து அவன் மகள் எழிலி இதைக் கேட்டாள், அவள் கேட்டு முடிப்பதற்குள் "மீன்தொட்டி, மீனு!" என்று உள்ளிருந்து கத்திவிட்டான். "போங்ப்பா, உங்களுக்கு முன்னயே தெரிஞ்சிருக்குது" என்று அவள் சலித்துக்கொண்டு போனாள். தெரியாது, நிஜமாகவே தெரியாது, ஆனால் இன்றைக்கு யார் எதைக் கேட்டாலும் அவன் வாயில் அதுதான் வந்திருக்கும். எட்டிப் பிடித்தால் எட்டாது, கிட்டப் போனால் கிடைக்காது என்று கேட்டிருந்தாலும் மீன்தொட்டி என்றுதான் சொல்லியிருப்பான். தலையைத் துவட்டும்போதே மனசு கூடத்துக்குப் போய்விட்டது. கறுப்புக் குழாய்ச் சுருள் சோபாவில் இருக்கிறது, துளை போடும் ஊசி பையில் இருக்கிறது, குட்டித் திருகு வால்வு சட்டைப் பையில், இல்லை, அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டாயிற்றே, போட்டாயிற்றா, ஈரத் துண்டோடு ஓடிப்போய் வாளியில் கையை விட்டுத் துழாவி, வால்வு விரலில் தட்டுப்பட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது ஆள், உடுமலைப்பேட்டையில் சொட்டுநீர்ப் பாசனக் கடையில் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறவன், சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ தோப்புகளுக்குக் குழாய் இழுத்துக் கொடுத்தவன், முழங்கை நீள மீன்தொட்டி ஒன்றுக்குக் குழாய் போடப்போகிறோம் என்பதற்கு இப்படிப் பறக்கிறானே என்று யாராவது கேட்டால் கேட்கட்டும்.

கேட்க ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள். சாரதாமணி விடியற்காலையிலேயே மண்டபம் என்கிற கடலோர ஊரில் பஸ் ஏறிவிட்டாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள், வந்ததும் எழிலி பதில் சொல்ல வேண்டும். அவன் மனைவிக்கு இந்த வருஷம் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு. கலந்தாய்வில் கம்ப்யூட்டர் திரையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து மறைந்து, அவள் முறை வரும்போது கடலோரத்து ஊர்கள்தான் மிச்சமிருந்தன, அவள் மண்டபத்தைத் தொட்டாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுத்தால் அடுத்த வாய்ப்பு எப்போதோ, அவன்தான் "போயிட்டு வா சாரதா, இதென்ன சீமையா" என்றான், சொன்னது மனசார. ஆனால் பிள்ளை? ஐந்தாம் வகுப்பை அங்கே படிப்பதா இங்கே படிப்பதா என்று இருவரும் மாறி மாறிப் பேசி, குரல் உயர்ந்து, கடைசியில் சாரதாமணிதான் சொன்னாள், அவளே சொல்லட்டும், அவள் எதைச் சொல்கிறாளோ அதற்கு இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது என்று. அவனும் தலையாட்டினான். தலையாட்டியபோது பிள்ளை தன்னிடம்தான் இருப்பாள் என்று அவனுக்கு ஏனோ சந்தேகமே வரவில்லை. சந்தேகம் போன வாரம் போனில் வந்தது. அவன் சொட்டுநீர் யோசனையை விரிவாகச் சொல்லிக்கொண்டே போக, அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, மீனக் காட்டிப் புள்ளயப் புடிச்சு வெக்கப் பாக்கறீங்ளா?" என்றாள். "சேச்சே" என்றான். "பாருங்க, பாருங்க. ஆனா நீங்க தொட்டிதான் வெச்சிருக்கீங்க. நா இங்க கடலே வெச்சிருக்கேன்." இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், பல் துலக்கும்போதுதான் அது நின்றது. கடல். கடலுக்கு எதிரே என்ன செய்வது? கடலில் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை. கடலில் எதுவும் சாகாது, செத்தாலும் தெரியாது. அட, இது என்ன யோசனை, பிடித்து வைப்பதாவது, குஞ்சுகள் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான் இது, குஞ்சுகளுக்காக.

குஞ்சுகள் இருந்தன. தொட்டிக்குள் ஏஞ்சல் மீன் ஜோடி இரண்டும், பட்டம் விட்ட மாதிரி நீண்ட துடுப்புகளோடு, ஒன்று இந்த மூலையும் ஒன்று அந்த மூலையுமாகக் காவல் நிற்க, நடுவில் அகன்ற இலைக்கு முன்னால் தூசிக் கூட்டம் ஒன்று ஆடியது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தூசிக்கும் இரண்டு கண். எழிலி குப்புறப் படுத்து, கையால் மோவாயைத் தாங்கி, கண்ணாடியில் மூச்சு படியப் படியத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்கே தெரியாத இறால் முட்டைகளை உப்புத் தண்ணீர் பாட்டிலில் பொரிக்கவைத்து, மருந்துக் குழாயால் உறிஞ்சி, சொட்டுச் சொட்டாக ஊட்டுவது அவள் வேலை, காலையில் பல் துலக்குவதற்கு முன்பே முடித்துவிடுவாள். இதற்கு முன்னால் ஒரு கூட்டம் இதே இலையில் பிறந்தது. அப்போது தண்ணீர் மாற்றுவதென்றால் வாளிதான். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாதியை ஊற்றுவார்கள், அவன் ஊற்ற அவள் "மெதுவா, மெதுவா" என்பாள். மெதுவாகத்தான் ஊற்றினான். மறுநாள் காலையில் இலைக்கு முன்னால் எதுவுமே இல்லை. அடியில் கூழாங்கல் மேல் வெள்ளையாக, அரிசி களைந்த தண்ணீர் வடிந்த தடம் மாதிரி ஒரு படிவு. அவள் அழவில்லை, அதுதான், அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாம், பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று, "புதுத் தண்ணிக்கு அதுங்க பயந்துருச்சுங்ளாப்பா?" என்று கேட்டாள். பயமில்லை கண்ணு, திடீரென்று மாறினால் உடம்பு தாங்காது, பெரியதுகள் தாங்கும், குஞ்சுகள் தாங்காது என்று விளக்கினான், விளக்கும்போதே தன் குரல் கடையில் விவசாயிகளிடம் பேசும் குரலாக இருப்பது கேட்டது. வாளி வேண்டாம். ஒரேயடியாக மாற்ற வேண்டாம். ஒரு நாள் முழுக்க, ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு, மாறுவதே தெரியாமல் மாறட்டும். அந்த யோசனை வந்தபோது அவன் மோட்டார் பைக்கில் பொள்ளாச்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, புளியமரத்தடியில் நின்று தன் தொடையிலேயே ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டான். இருபது வருஷமாகக் கையில் வைத்துக்கொண்டே தேடியிருக்கிறானே!

நீல டிரம் லாஃப்ட்டில் ஏறியிருந்தது. அதில் நேற்று மாலை குழாயில் வந்த நல்ல தண்ணீர், திருமூர்த்தி அணைத் தண்ணீர். போர்வெல் உப்புத் தண்ணீர் ஆகாது, இந்த மீனுக்கு மழைத்தண்ணீர் மாதிரி மெல்லிய தண்ணீர்தான் பிடிக்கும். ஸ்டூல் மேல் நின்று குடம் குடமாக ஏற்றி, மூடியைத் திறந்தே வைத்திருந்தான், நகராட்சி போடும் மருந்தின் வாசம் போவதற்காக. இப்போது மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தான்; வாசமில்லை, பிளாஸ்டிக் வாசம்தான். "நானு, நானும் மோக்கறேன்" என்று எழிலி ஸ்டூலில் ஏறினாள். அவளைத் தூக்கிப் பிடித்தான், கனத்துவிட்டாள், போன கோடையில் இவ்வளவு கனம் இல்லை, மண்டபத்தில் இருந்தால் கனம் ஏறுவது தெரியாது, லீவுக்கு லீவு பார்த்தால் ஒரேயடியாக, வாளித் தண்ணீர் மாதிரி. "ஒண்ணும் வல்லீங்ப்பா." "அப்ப ரெடி." ரப்பர் வளையத்தைப் பொருத்தி, இணைப்பை அழுத்தி, கறுப்புக் குழாயைச் சுவரோரமாக இறக்கி, ஆணி அடித்துக் கிளிப் போட்டு, குழாயின் நுனியில் வால்வு, வால்வுக்கு அப்புறம் நரம்பு மாதிரி மெல்லிய குழாய். வயலில் மாட்டுகிற சொட்டுவான் இங்கே உதவாது, அதற்கு மோட்டாரின் அழுத்தம் வேண்டும், லாஃப்ட் உயரத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு அவ்வளவு வேகம் கிடையாது, அதனால் திருகித் திருகித்தான் சொட்டைப் பிடிக்க வேண்டும். புதுக் குழாயின் வாசம் அவன் கையெல்லாம் ஏறியது. அந்த வாசத்துக்கு எப்போதும் கோமங்கலத்துத் தென்னந்தோப்பு ஒன்று பின்னாலேயே வரும், அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்ட தோப்பு, எல்லாம் இணைத்து மோட்டாரைப் போட்டதும் தோட்டத்துக்காரர் இடுப்பில் கை வைத்து மரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, தண்ணி எப்ப வரும்?" என்றார். வந்துட்டிருக்குதுங்க என்றான். "இதா? சளி புடிச்ச பையன் மூக்காட்ட ஒழுகுது, இதப் போயித் தண்ணிங்கற?" வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு ஓடினால்தான் அவருக்குத் தண்ணீர். அவரே ஒரு வருஷம் கழித்து ஆள் கூட்டிவந்து தோப்பைக் காட்டினார். எழிலிக்கு இதைச் சொன்னான், அவள் "சளி புடிச்ச பையன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அவனுக்கு அதிலேயே பாதி நாள் நிறைந்துவிட்டது.

வால்வைத் திருகினான். வரவில்லை. இன்னும் கொஞ்சம். குழாய்க்குள் காற்று புடைத்துக்கொண்டு கிர் என்றது, மெல்லிய குழாயின் நுனியில் ஒரு குமிழி பருத்தது, வெடித்தது, அதற்குப் பின்னால் ஒரு துளி எட்டிப் பார்த்து, தயங்கி, நீண்டு, விழுந்தது. டப். "வந்துருச்சு!" என்று கத்தியது யார், அவனா அவளா, இரண்டு பேருமா. பெரிய ஏஞ்சல் விர்ரென்று திரும்பி அந்த இடத்தைப் பார்த்தது. டப். டப். வால்வை இம்மி இம்மியாகத் தளர்த்தி இறுக்கி, சுவர்க் கடிகாரத்தின் முள்ளோடு துளியைச் சேர்த்துப் பார்த்தான், எழிலி "இப்ப வேகம்ங்ப்பா... இப்ப தூங்கிருச்சுங்ப்பா... இப்ப செரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முள் ஓர் அடி வைக்க, துளி ஓர் அடி வைத்தது. குஞ்சுக் கூட்டத்தில் ஒரு சலனமும் இல்லை, தங்கள் உலகம் மாறத் தொடங்கிவிட்டது என்று அதுகளுக்குத் தெரியவே இல்லை, அதுதானே வேண்டும், தெரியவே கூடாது. இதை அவள் விட்டுவிட்டுப் போவாளா? இந்தத் துளியை, இந்தத் தூசிகள் பட்டாணி அளவாவதை, துடுப்பு முளைப்பதை, வரி விழுவதைப் பார்க்காமல் யாராவது போவார்களா? கடல் அங்கேயேதான் இருக்கும், எப்போது போனாலும் இருக்கும், இது அப்படியில்லையே, ஒவ்வொரு நாளும் பார்த்தாக வேண்டுமே. மீனைக் காட்டி. இல்லை. அவன் எதையும் காட்டவில்லை, குழாய்தான் மாட்டுகிறான். போன் அடித்தது, கையைத் துடைக்காமலே எடுத்தான். "ஒட்டஞ்சத்திரம் தாண்டியாச்சுங்க" என்றாள் சாரதாமணி, பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே. "வா வா, வந்து பாரு, சொட்டு விழுந்துருச்சு!" "என்னது விழுந்துருச்சு?" "சொட்டு! சொட்டு!" "ஐயோ, நா என்னமோ புள்ளதான் விழுந்துட்டாளோன்னு. வெய்யுங்க போன."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். எழிலி தொட்டியின் மேல் விளிம்பையும் தண்ணீர் மட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், விரலை வைத்து அளந்தாள், இரண்டு விரல்கடை. "அப்பா, ஒண்ணு கேக்கட்டுங்ளா?" "கேளு சாமி." "வர்ற தண்ணி எங்கீங்ப்பா போகும்?" டப். அவன் விளிம்பைப் பார்த்தான். டப். வர்ற தண்ணி எங்கே போகும். வயலில் தண்ணீர் எங்கே போகும்? மண்ணுக்குள் போகும், வேர் குடிக்கும், வெயில் குடிக்கும், யாருமே கேட்டதில்லை, இருபது வருஷத்தில் ஒரு தோட்டத்துக்காரராவது, ஏந்தம்பி, வந்த தண்ணி எப்படிப் போகும் என்று கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அவன் வேலை, போவது மண்ணின் வேலை. கண்ணாடி குடிக்காது. கண்ணாடி ஒரு சொட்டையும் குடிக்காது. ராத்திரி எல்லோரும் தூங்க, துளி விழுந்துகொண்டே இருக்க, இரண்டு விரல்கடை ஒரு விரல்கடையாகி, விளிம்பு தொட்டு, வழிந்து, குட்டையான மர ஸ்டாண்டில் இறங்கி, அதற்குப் பின்னால் தரையில் காற்று மோட்டாருக்குப் போட்டிருக்கிற பிளக் பெட்டி, அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், காலையில் பல் துலக்குவதற்கு முன்பே வெறுங்காலோடு ஓடிவருகிறவள், கையில் மருந்துக் குழாயோடு, ஈரத் தரையில். அவன் எட்டிப் பாய்ந்து வால்வை இறுக்கினான். பிளக்கைப் பிடுங்கினான். பிறகு காற்றில்லாமல் மீன்கள் என்ன செய்யும் என்று தோன்றி மறுபடி செருகி, பெட்டியைத் தூக்கிச் சுவர் ஆணியில் மாட்டினான். எழிலி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்ப்பா, மறந்துட்டீங்ளா?" அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டென்று சிரிப்பு வந்தது, அவள் தோளைப் பிடித்து ஆட்டி ஆட்டிச் சிரித்தான், "மறக்கல கண்ணு, எனக்குத் தெரியவே தெரியாது, உங்கப்பனுக்கு உள்ள வுடத்தான் தெரியும்!" அவளும் சிரித்தாள், ஆனால் அவளுக்கு விடை வேண்டியிருந்தது, சிரிப்பு முடிந்ததும் மறுபடி, "அப்ப எப்படீங் போகும்?" என்று நின்றாள்.

எப்படிப் போகும். கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, தண்ணீரோடு இருக்கிற தொட்டி, ஒரு விரிசல் விட்டால் அவ்வளவுதான். குழாயை உள்ளே விட்டு வாயால் உறிஞ்சி வெளியே விட்டால் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும், குஞ்சு தரையில் துள்ளும்வரை போகும். வருகிற அளவுதான் போக வேண்டும், ஒரு சொட்டு வந்தால் ஒரு சொட்டு போக வேண்டும், வராவிட்டால் நிற்க வேண்டும். போவதற்கும் ஓர் அறிவு வேண்டும். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். சாரதாமணி பழனியை நெருங்கியிருப்பாள். மலை தெரியும்போது வழக்கம்போல உட்கார்ந்த இடத்திலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அடுத்தது மடத்துக்குளம், அடுத்தது உடுமலை, பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால். அவள் வரும்போது இது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது, பாதியில் நின்றால் எழிலி. நடந்தவன் சுவர் மூலையில் மோதிக்கொண்டான். இந்தச் சுவரைக் கட்டும்போது கொத்தனார் இரண்டு பேர், இந்த மூலையில் ஒருவர் அந்த மூலையில் ஒருவர், நடுவில் தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, "உங்க பக்கம் எவ்வளவு?" "கோட்டுல நிக்குது" என்று பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஒரு நுனியில் தண்ணீர் எந்த மட்டமோ, மறுநுனியிலும் அதே மட்டம். அவன் நின்றான். "எழிலி, பாட்டில்! பெரிய பாட்டில், காலி பாட்டில், ஓடு ஓடு!" ஜூஸ் பாட்டில் வந்தது, அதன் கழுத்தை அறுத்தான், தொட்டிக்கு வெளியே ஜன்னல் பக்கமாகக் கம்பியால் தொங்கவிட்டான், தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்க வேண்டுமோ அதே மட்டத்தில் பாட்டிலில் ஒரு துளை போட்டான், கடையிலிருந்து முன்பே எடுத்துவந்திருந்த அதே மாதிரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, விளிம்பின் மேலாக வளைத்து, ஒரு நுனியைத் தொட்டியின் அடியிலும் மறுநுனியைப் பாட்டிலின் அடியிலும் விட்டான். இரண்டும் ஒரே வீடு மாதிரி. தொட்டியில் ஒரு சொட்டு ஏறினால் பாட்டிலிலும் ஏறும், ஏறினால் துளை வழியாக வழியும், ஏறாவிட்டால் சும்மா நிற்கும். துளையிலிருந்து இன்னொரு குழாய் ஜன்னல் வழியாகக் கீழே வாழைக்கன்றுக்கு. "குஞ்சு அதுக்குள்ள போயிராதுங்ளா?" அட, ஆமாம். போய்விடும். வழி இருந்தால் போய்விடும். அவன் கொசுவலைத் துண்டைத் தேடி எடுத்தான், அவள் அதை ஒரு துண்டு ஸ்பாஞ்சில் சுற்றி, குழாயின் வாயில் வைத்து, சாரதாமணியின் பழைய ஹேர் பேண்டால் மூன்று சுற்று சுற்றிக் கட்டினாள், நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு. எதைக் கட்டினாலும் அவள் அம்மாவும் நாக்கை அப்படித்தான் கடிப்பாள்.

மறுபடி வால்வு. டப். தொட்டியில் ஒன்றும் தெரியவில்லை. டப். பாட்டிலில் ஒன்றும் தெரியவில்லை. ஏன், எங்கே தவறு, குழாயில் காற்று நின்றுவிட்டதா, மட்டம் பிசகியதா, அவன் குனிந்து கண்ணைத் துளைக்கு நேராக வைத்தான், அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்துக் குனிந்தாள், அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசம், இருவர் மூச்சும் பாட்டிலில் ஒரே வெண்படலமாகப் படிந்தது. துளையின் விளிம்பில் தண்ணீர் மெல்ல உப்பியது. உப்பியது உப்பியபடியே நின்றது. பிறகு குழாய்க்குள் சரிந்தது. எழிலி ஜன்னலுக்கு ஓடினாள். "வாழைக்குப் போகுதுங்ப்பா! போகுதுங்ப்பா!" அவனும் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான், கீழே குழாயின் வாயில் ஒரு துளி வெயிலில் மின்னி விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "என்ன மாப்ள, வாழைக்கு இப்பிடித்தான் தண்ணி வுடுவீங்ளா, நீங்க டிரிப்புக் கடைக்காரரு, உங்களச் சொல்லிக் குத்தமில்ல" என்றார், "வாழைக்கில்லீங்க மாமா, மீனுக்கு!" என்று அவன் கத்தினான், அவர் இன்னும் குழம்பினார். தொட்டிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவனும் மகளும் எத்தனை முறை ஓடினார்களோ, இங்கே டப் என்றால் அங்கே ஒன்று, வருகிறது, போகிறது, மட்டம் மயிரிழைகூட மாறவில்லை, பெரிய ஏஞ்சல் சலித்துப்போய்த் திரும்பிக்கொண்டது. எழிலி மூச்சு வாங்க நின்று கேட்டாள். "இனிமே வாளி வேண்டாங்ளாப்பா?" "வேண்டாம்!" "தெனமும் நாம பாக்க வேண்டாங்ளா?" "வேண்டவே வேண்டாம். டிரம்முல ஒரு மிதவை வால்வு மாட்டிப்போட்டா அதுவே ரொப்பிக்கும். தீனிக்கும் ஒரு டப்பா விக்கறான், நேரமானா அதுவே தூவும். ஒரு மாசம் ஊட்டுல ஒரு ஆளு இல்லீன்னாலும் இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாது!" "நெசமாலுமா?" "அப்பன் போட்டது கண்ணு, பொய்யா?" அவள் முகம் விரிந்தது. அவ்வளவு நாளாக எதையோ தூக்கிச் சுமந்துகொண்டிருந்து கீழே வைத்தவள் மாதிரி விரிந்தது. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் பார்க்கத்தானே, இந்த முகத்தைப் பார்க்கத்தானே எல்லாம். ஆனால் நெஞ்சின் ஓரத்தில் என்னவோ இடறியது, என்ன சொன்னோம், ஒரு மாசம் ஆள் இல்லாவிட்டாலும் என்றா, அதில் என்ன தப்பு, வாய் தவறி எதுவும் சொல்லவில்லையே, உண்மைதானே, ஒரு மாசம் ஓடும், ஒரு வருஷமும் ஓடும். யோசிக்க விடாமல் வாசலில் ஆட்டோ சத்தம்.

"ஏனுங்க, ஊட்டுக்குள்ள தோட்டம் போட்டிருக்கீங்ளா?" என்று கேட்டுக்கொண்டே சாரதாமணி உள்ளே வந்தாள், தோளில் பை, வெயிலில் கறுத்து, முடியில் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு, அவனுக்கு அவளைப் பார்த்ததில் இன்னொரு சந்தோஷம் மேலே ஏறிக்கொண்டது. எழிலி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டபடியே பேசினாள், கொத்தனார் குழாய், கொசுவலை, சளி பிடித்த பையன், "அப்பா தண்ணி போறதுக்கு வழியே வெக்கலீங்ம்மா, நாந்தான் கேட்டேன்!" சாரதாமணி டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள், அவள் அறிவியல் ஆசிரியை, துளையையும் குழாயையும் விரலால் தொடர்ந்து பார்த்தாள், ஒரு முறை "அட" என்றாள், இன்னொரு முறை "அட!" என்றாள். "நல்லா இருக்குதுங்க. நெசமா. எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒண்ணு போட்டுக் குடுங்க." அவன் குழந்தை மாதிரிச் சிரித்தான். நம்மிடம்தான் இருப்பாள் என்று நினைத்தான், மறுபடி நினைத்தான், நினைப்பு அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. குஞ்சு வளரும், வரி விழும், ஜோடி பிரிக்க வேண்டும், இன்னொரு தொட்டி, இரண்டாவது துளிக்கு ஒரு கிளை போதும், இதே வால்விலிருந்து, எழிலிக்கே துளை போடச் சொல்லிக் கொடுக்கலாம். சாரதாமணி மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். "ஏஞ்சாமி, யோசிச்சுட்டியா? அப்பா வருத்தப்படுவாரு, அம்மா வருத்தப்படுவான்னு எல்லாம் பாக்காத. உம்மனசுல என்னமோ அதச் சொல்லு." திருமூர்த்தி வால்வில் கை வைத்தபடி நின்றான். துளி விழுந்தது. எழிலி அவனைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "இதுங்களுக்கு இனிமே நா இல்லீன்னாலும் ஆகும். அப்பா சொன்னாரு" என்றாள். அம்மாவோடு மண்டபத்துக்குப் போவதாகச் சொன்னாள்.